சரளைக் குழி ஏரிகளில் பறவை பார்த்தவர்கள் இங்கே சொல்லுங்கள்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் இருக்கும் அட்டன்பரோவுக்கு மார்ச் கடைசியில் போய்விட்டு வந்தேன். 1929-இலிருந்து ட்ரெண்ட் ஆற்றோரம் சரளையும் மணலும் அள்ளிய குழிகள்தான் இன்றைக்கு அங்கே ஏரிகள். 1966-இல் இயற்கைப் படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோ வந்து சரணாலயமாகத் திறந்துவைத்தார்.

நான் போனது கொண்டை முக்குளிப்பானுக்காக. முதல் ஒரு மணி நேரம் வாத்தும் நாமக்கோழியும்தான். அப்புறம் இரண்டு முக்குளிப்பான்கள் எதிரெதிரே வந்து நின்று, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டின. திடீரென இரண்டும் முங்கின. எழுந்தபோது இரண்டின் அலகிலும் சொட்டச் சொட்டப் பாசி. அப்படியே நீந்தி வந்து, நெஞ்சோடு நெஞ்சு முட்ட, பாதி உடம்பு தண்ணீருக்கு மேலே வர நிமிர்ந்து நின்றன. எல்லாம் சில நொடிதான். பின்னணியில் 2024 செப்டம்பரில் மூடிய ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தின் கோபுரங்கள். நல்ல படம் எடுக்கிறேன் என்று எல்லோரும் அதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். எனக்கு அதோடு சேர்த்துப் பார்க்கத்தான் பிடித்திருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் பெண்களின் தொப்பிக்கும் கழுத்துப்பட்டைக்கும் இறகு வேண்டுமென்று பிரிட்டனில் இந்தப் பறவையை ஏறக்குறைய தீர்த்தே விட்டார்கள். பிறகு சட்டம் காப்பாற்றியது. கூடு கட்டப் புதுத் தண்ணீர் கொடுத்ததில் இந்தக் குழிகளுக்கும் பங்கு உண்டு.

* * *

அருமை. ஆனால் முக்குளிப்பான் வருகிறதென்றால் அந்தக் குழிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். நான் பார்த்தது இன்னும் லாரி ஓடிக்கொண்டிருந்த குவாரியில். வேலிக்கு வெளியே நடைபாதை, உள்ளே மொட்டைச் சரளை. அதில் ஒரு கல் ஓடியது! பைனாகுலரைத் திருப்பினால் பட்டாணி உப்புக்கொத்தி. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் அவ்வளவு தெளிவு. லாரி போனால் கண்டுகொள்ளவில்லை. ஒரு காகம் இறங்கியதும் சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டே அதை வேறு பக்கம் கூட்டிப்போனது. பக்கத்தில் எங்கேயோ முட்டை இருக்க வேண்டும். சரளைக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது, நானும் தேடவில்லை.

1938-இல் டிரிங் நீர்த்தேக்கத்தில் முதல் முறையாக பிரிட்டனில் கூடு வைத்த பறவை இது. அதற்குப்பின் நாடு முழுக்கச் சாலைக்கும் வீட்டுக்கும் சரளை தோண்டத் தோண்ட, அதன் பின்னாலேயே பரவியது. அந்தக் குவாரியில் வேலை முடிந்து சில வருடத்தில் வில்லோ மரங்கள் முளைத்து மூடிவிட்டன. உப்புக்கொத்தி வருவது நின்றுபோனது.

* * *

முளைச்சு மூடுறது எல்லாருக்கும் நட்டம் இல்லை எண்டும் சொல்லோணும். நாங்கள் கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம். செயின்ட் நியோட்ஸுக்குக் கிட்ட பாக்ஸ்டன் பிட்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் சரளை எடுத்த இடம்தான். நைட்டிங்கேல் குருவி பாடுறதைக் கேக்க மே மாதம் போனனாங்கள். ராவிலதான் பாடும் எண்டு நினைச்சுப் போனால், பட்டப்பகலில முள்ளுப் பத்தைக்குள்ள இருந்து பாடுது. ஒரு நீட்டு விசில், பிறகு கடகட எண்டு உருட்டல், பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த இடைவெளியில எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிக்கினம். பறவையை ஒருத்தரும் காணேல்லை. என்ர மகன் பாட்டு முடியமுதலே பசிக்குது எண்டு தொடங்கிட்டான், அது வேற கதை.

அந்தப் பத்தையையும் சும்மா விட்டால் மரமாகி, அடி வெறுமையாகிப் போகும். அடி அடர்த்தியாக இருந்தால்தான் நைட்டிங்கேல் நிக்கும். அதால பகுதி பகுதியாக வெட்டி, திருப்பித் தழைக்க விடுகினம்.

* * *

குளிர்காலத்தில் ஒரு சரணாலயத்தில் தன்னார்வலராக வெட்டும் வேலைக்குப் போகிறவன் நான். மார்ச்சில் உப்புக்கொத்தி வருமுன் ஏரிக்குள் இருக்கும் தீவுகளை மொட்டையடித்தாக வேண்டும். வில்லோவை அடியோடு அறுத்தாலும் அடுத்த கோடையில் இடுப்பளவு நிற்கும். மணல் தகைவிலான் (sand martin) வளை தோண்டும் மணல் சுவரையும் செதுக்கிப் புதுசாக்குவோம். பழைய வளைகளில் உண்ணி சேரும், சுவரும் சரியும். பார்க்க வருகிறவர்கள், ‘இயற்கையை ஏன் இப்படி வெட்டுகிறீர்கள்’ என்று திட்டிவிட்டுப் போவார்கள். திட்டியவரின் நாய் கயிறில்லாமல் தீவை நோக்கி நீந்திக்கொண்டிருக்கும்.

கோடையில் யாரும் குளிக்க இறங்க வேண்டாம். இந்தக் குழிகளின் கரை பல இடங்களில் ஓரடி தாண்டினாலே செங்குத்தாக ஆழம், உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கும்.

* * *

பாக்ஸ்டனுக்கு ஜூன் கடைசியில் போனால் நைட்டிங்கேல் கேட்குமா?

* * *

கஷ்டம். ஏப்ரல் கடைசியில இருந்து மே வரைக்கும்தான் நல்ல பாட்டு. குஞ்சு பொரிச்சால் அடங்கிப் போயிடும். விடியக் காத்தில்லாத நாளாப் பாத்துப் போங்கோ.