மார்ச் உறைபனியில் 9 நாள் புறாக் குஞ்சுகள் சாகின்றன, ஏப்ரல் ரேஸுக்கு அனுப்பலாமா? உதவி வேண்டும்

பார்ன்ஸ்லி ஓமர் | மார்ச் 24

வணக்கம். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர், பார்ன்ஸ்லி பக்கம் இருக்கிறேன். ஊரில் மொட்டை மாடியில் ஓமர் (பந்தயப் புறா) வளர்த்த பழக்கம் உண்டு. இங்கே சொந்தமாகக் கூண்டு போட்டு இதுதான் முதல் வசந்தம். இங்கே பலரும் செய்வது போல பிப்ரவரி 14 அன்று எட்டு ஜோடி போட்டேன். இரண்டு ஜோடிக்கு இரண்டும் கூமுட்டை, 20 நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். மற்ற ஆறு ஜோடியில் 12 குஞ்சு பொரிந்தது, ஏழாம் நாள் காலில் அடையாள ரிங்கும் போட்டாச்சு.

முந்தாநாளும் நேற்றும் இரவு மைனஸ் 4. காலையில் போய்ப் பார்த்தால் நாலு கூட்டுச் சட்டியில் ஒவ்வொரு குஞ்சு விறைத்துக் கிடக்கிறது. எட்டு, ஒன்பது நாள் குஞ்சுகள். கையில் எடுத்தபோது இரைப்பை நிறைய தானியம் இருந்தது, பட்டினியால் சாகவில்லை. தாயும் தகப்பனும் பக்கத்துப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தன. இது நோயா, குளிரா? மனசு ஆறவில்லை, நேற்றுதான் ரிங் போட்ட மாதிரி இருக்கிறது.

இன்னொன்று, கிளப்பின் முதல் ரேஸ் ஏப்ரல் 18, பீட்டர்பரோவிலிருந்து. இந்த நிலையில் பெரிய புறாக்களை அனுப்பலாமா?

நீலப்பட்டை | மார்ச் 24

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். காலையில் கூண்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளே என்ன வாடை அடிக்கிறது? சட்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? எச்சம் தண்ணியாகப் பச்சையாகப் போகிறதா, உருண்டையாக இருக்கிறதா?

பார்ன்ஸ்லி ஓமர் | மார்ச் 24

எச்சம் உருண்டைதான் அண்ணா, மேலே வெள்ளைத் தொப்பியோடு நன்றாக இருக்கிறது. பிளாஸ்டிக் சட்டியில் கொஞ்சம் வைக்கோல். வாடை கொஞ்சம் காரமாக மூக்கில் ஏறும். குளிர் வருகிறது என்று போன வாரம் முன்பக்கக் கம்பி வலை முழுக்க பாலிதீன் அடித்துவிட்டேன். காலையில் பலகைச் சுவரில் தண்ணீர் வழிகிறது.

நீலப்பட்டை | மார்ச் 24

அந்த பாலிதீனை இன்றைக்கே கிழித்து எடுங்கள். மீதி அப்புறம்.

புறா குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. பதினாறு பெரிய புறாவும் குஞ்சுகளும் இரவெல்லாம் விடும் மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல்தான் சுவரில் தண்ணீராக இறங்குகிறது, வைக்கோல் ஈரமாகிறது, அந்த ஈர வைக்கோல் மேல் கிடக்கிற குஞ்சின் சூட்டை அடியிலிருந்தே உறிஞ்சிவிடுகிறது. மூக்கில் ஏறுகிற காரம் அமோனியா, அது பெரிய புறாக்களின் மூச்சையும் கெடுக்கும், ரேஸ் நேரத்தில்தான் அதன் பலன் தெரியும். கூரைக்குக் கீழே காற்று வெளியேற இடம் இருக்கட்டும், முன்பக்கம் மழைச்சாரலைத் தடுக்கிற அளவுக்கு மட்டும் ஒரு பலகை போதும்.

அடுத்தது வயது. ஏழெட்டு நாள் ஆனதும் பெற்றோர் இரவில் குஞ்சு மேல் உட்காருவதைக் குறைத்துவிடும். அப்போது குஞ்சுக்கு இறகு முள்முள்ளாக நிற்குமே தவிர விரிந்திருக்காது. அந்த நாலைந்து நாள்தான் ஆபத்து, இரண்டு வாரம் ஆகிவிட்டால் உறைபனியிலும் கிடக்கும். உங்களுக்கு அந்த நாளும் மைனஸ் 4 இரவும் ஒன்றாக வந்துவிட்டன. குளிர்ந்த குஞ்சுக்கு செரிமானம் நின்றுவிடும், இரைப்பை நிறைந்தபடியே செத்ததற்குக் காரணம் அதுதான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நோய் மாதிரி தெரியவில்லை.

இப்போது நாலு குஞ்சு ஒற்றையாக நிற்கிறது, இல்லையா? இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், ரிங் போட்டுவிட்டதால் எது யார் குஞ்சு என்ற குழப்பமும் வராது. வயது வித்தியாசம் இரண்டு நாளுக்குள் இருக்கட்டும். சட்டிக்கு அடியில் கம்பளித் துணி அல்லது தடித்த அட்டை, மேலே காய்ந்த வைக்கோல் நிறைய. சாயங்காலம் மக்காச்சோளமும் பட்டாணியும் கூடுதலாக வைத்து, இரவு ஒன்பது வரை விளக்கு எரியட்டும், கடைசி ஊட்டு தாமதமாக நடந்தால் குஞ்சு நிறைந்த வயிற்றோடு இரவைக் கடக்கும். தண்ணீர் உறைந்து கிடந்தால் பெற்றோர் ஊட்டவே முடியாது, காலையில் முதல் வேலையாக வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள்.

ராயபுரம் மாடி | மார்ச் 25

நான் சென்னையில் ரேஸ் விடுகிறவன். இங்கே எங்களுக்கு வெயில்தான் எதிரி, உறைபனி பார்த்ததே இல்லை, அதனால் குஞ்சு விஷயத்தில் வாய் திறக்கவில்லை. ஆனால் கூமுட்டை பற்றிச் சொல்லலாம். ஐந்து, ஆறு நாளில் டார்ச் அடித்துப் பார்த்தால் நரம்பு ஓடுகிறதா என்று தெரிந்துவிடும், 20 நாள் காத்திருந்தது வீண். பிப்ரவரியில் அங்கே பகல் ரொம்பக் குறைவு, ஆண் புறா முழு வேகத்துக்கு வந்திருக்காது. ஜோடி போடுவதற்கு மூன்று வாரம் முன்பே விளக்கு போட்டுப் பகலை நீட்டினால் நிறைய வித்தியாசம் தெரியும். அடிப்பக்கம் இறகு அடர்த்தியான ஜோடி என்றால் பின்பக்க இறகைக் கொஞ்சம் கத்தரித்து விடுங்கள்.

நீலப்பட்டை | மார்ச் 25

ராயபுரம் அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். கூமுட்டை போட்ட இரண்டு பெட்டையும் இந்த வாரமே மறுபடி முட்டையிடும். முதல் முட்டைக்கும் இரண்டாவதுக்கும் சுமார் 44 மணி நேரம் இடைவெளி, அதுவரை முழுசாக அடை உட்காராது. உறைபனி இரவு என்றால் முதல் முட்டையை எடுத்து வீட்டுக்குள் தானியத்தின் மேல் வைத்து, சட்டியில் பொய் முட்டை போடுங்கள், இரண்டாவது வந்ததும் திருப்பி வையுங்கள். கிளிஞ்சல் கிரிட் (நொறுக்கிய கிளிஞ்சல் ஓடு) எப்போதும் இருக்கட்டும், குளிரில் முட்டை சிக்கிக்கொண்ட பெட்டையை ஒருமுறை பார்த்தால் கிரிட்டைக் கைவிட மனசு வராது.

இனி ரேஸ். 2013 மார்ச் பிரிட்டனில் 1962க்குப் பிறகு வந்த மிகக் குளிரான மார்ச். அந்த வருஷம் எங்கள் கிளப் முதல் ரேஸை இரண்டு வாரம் தள்ளியது. சிலர் பொறுமையில்லாமல் சொந்தமாகக் கொண்டுபோய் விட்டார்கள், நல்ல ஆண்களை இழந்தார்கள். 2021 ஏப்ரலில் நாடு முழுக்கச் சராசரியாக 13 நாள் உறைபனி, அப்போது பகல் பதினொன்றுக்கு மேல்தான் நான் டாஸ் (பயிற்சிக்குத் தூரத்தில் கொண்டுபோய் விடுவது) விட்டேன், ஒன்றும் தொலையவில்லை.

பீட்டர்பரோவிலிருந்து உங்களுக்கு சுமார் 85 மைல், வடமேற்கு நோக்கி வர வேண்டும். பின்காற்றில் ஒன்றரை மணி நேரம். வடக்குக் காற்று என்றால் எதிர்த்து வந்து இரண்டேகால் மணி ஆகும். வடகிழக்கு என்றால் பக்கவாட்டில் அடித்து பென்னைன் மலைப்பக்கம் தள்ளும், திரும்பி வர இன்னும் நேரம். ஆகவே 10, 20, 30 மைல் என்று டாஸ் முடிக்காத புறாவைக் கூடையில் போடாதீர்கள். முட்டையிட இரண்டு நாள் இருக்கிற பெட்டையை டாஸுக்குக்கூட எடுக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏப்ரல் 18க்குப் பெரும்பாலான ஜோடி இரண்டாம் ஈட்டு முட்டையில் பத்து, பதினான்கு நாள் அடையில் இருக்கும். பெட்டையை அனுப்ப அதைவிட நல்ல நிலை இல்லை. குஞ்சுக்கு இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிற ஆணை முதல் ரேஸுக்கு அனுப்பாதீர்கள், உடம்பில் சதை இருக்காது.

மரங்களில் இலை வரும் முன் வல்லூறு தொல்லையும் அதிகம், தினம் ஒரே நேரத்தில் திறந்துவிடாதீர்கள்.

பார்ன்ஸ்லி ஓமர் | ஏப்ரல் 20

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். பாலிதீனை எடுத்த இரண்டாம் நாளே சுவர் காய்ந்தது. எட்டுக் குஞ்சும் பிழைத்துத் தனியாகத் தின்கின்றன.

18ஆம் தேதி பீட்டர்பரோவில் மழை, கன்வாயர் (புறாக்களைக் கொண்டுபோய் விடுகிறவர்) கூடையைத் திறக்கவில்லை, ஞாயிறு பதினொரு மணிக்குத்தான் விட்டார்கள், வடக்குக் காற்றில். அடையில் இருந்த நாலு பெட்டையும் இரண்டு ஆணும் அனுப்பியிருந்தேன். முதலில் வந்தது செக்கர் (சிறகில் கட்டம் போட்ட) பெட்டை, 1.20க்கு, தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக முட்டை மேல் போய் உட்கார்ந்தது. ஐந்து அன்றே வந்துவிட்டன. ஒரு ஆண் மட்டும் இன்று மதியம் நனைந்து வந்தது, எடை நன்றாகக் குறைந்திருக்கிறது, வலது சிறகைக் கொஞ்சம் தொங்கவிடுகிறது. எலும்பு முறியவில்லை. ஒரு வாரம் ஓய்வு போதுமா?

நீலப்பட்டை | ஏப்ரல் 20

இரண்டு வாரம் கொடுங்கள் தம்பி. முதல் இரண்டு நாள் லேசான தீவனம், தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸ். பெட்டையோடு அடையிலேயே இருக்கட்டும், வெளியே விட வேண்டாம். அப்புறமும் சிறகு தொங்கினால் படம் எடுத்துப் போடுங்கள்.