டூயல் கோர், குவாட் கோர்: தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.
பழைய பாகங்களைக் கொண்டு கேமிங் கணினி கட்டுவோருக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. இடறும் சொல் 'கோர்': செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதி.

மூலம் சொல்வது இது: இன்டெல் இ8400 செயலியில் கோர் இரண்டு, வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், கியூ6600-இல் நான்கு, ஆனால் 2.4 தான். இரண்டு கோருக்கு மேல் பயன்படுத்தத் தெரியாத பழைய விளையாட்டுகளில் இ8400 முந்தும். பின்னால் நிலைமை மாறியது. 2014-இல் வந்த ஃபார் கிரை 4, இரண்டு கோர் மட்டுமே உள்ள பென்டியம் ஜி3258-இல் தொடங்கவே இல்லை. கோர் இரண்டே ஆனாலும் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்) நான்கு உள்ள ஐ3-இல் ஓடியது.

முதல் வரைவில் 'நான்கு செயலிகள்' என்று எழுதியது பிழை. செயலியைப் பொருத்தும் சாக்கெட் ஒன்று, செயலியும் ஒன்றுதான். படிப்பவர் 2.4-ஐ நான்கால் பெருக்கி 9.6 என்று எண்ணிவிடுவார். அட்டவணைக் கட்டத்தில் பத்தெழுத்துக்கு மேல் இடமில்லை.

— செ.

> இடறும் சொல் 'கோர்'

'கரு' இருக்கிறதே! இருகரு, நாற்கரு, பல்கரு. 'நான்குகரு' வேண்டாம், நாற்கரம் போல லகரம் றகரமாகட்டும். த்ரெட்டுக்கு இழை. அந்த ஐ3 'இருகரு, நாலிழை'. கட்டத்துக்குள் அடங்கும்.

— ம.

கருவை நான் ஏற்கவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் கரு என்றே எழுதி வைத்திருக்கிறோம். 'கரு நான்கு கருக்களுக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கும்' என்று பாடம் நடத்திப் பாருங்கள்.

'காழ்' என்ற அருமையான சொல் சும்மா கிடக்கிறது. மரபியலில் தொல்காப்பியர் அகக்காழ் உடையது மரம், புறக்காழ் உடையது புல் என்கிறார். அதனால்தான் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். உள்ளே வைரம் பாய்ந்த பகுதி காழ். கோர் வேறென்ன? சிலம்பில் மாதவி உடுத்த முத்துக்கோவை 'முப்பத்திருகாழ்'. 2018-இல் வந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸ் செயலியிலும் கோர் முப்பத்திரண்டு!

— பு.

ஐயா, உங்கள் சான்றே உங்களைக் கவிழ்க்கிறது. சிலம்பின் அந்தக் கடலாடு காதையில் காழ் என்றால் வடம், அதாவது இழை. கோரையும் த்ரெட்டையும் பிரித்துக் காட்டத்தானே சொல் தேடுகிறோம்? நீங்கள் சொன்ன த்ரெட்ரிப்பரில் காழ் 32, இழை 64. மாதவியைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்பாள். மேலும் ழகரம் நாவில் நிற்காதவர் 'நாற்கால் செயலி' என்பார். கடைக்காரர் நாற்காலியை எடுத்துப் போடுவார்.

கருவும் வேண்டாமென்றால் என் கருத்து: கடையில் கேட்பது குவாட் கோர், பெட்டியில் இருப்பது குவாட் கோர். அப்படியே எழுதுங்கள்.

— ம.

இப்படியே போனால் 'கணினி'யும் வந்திராது, கம்ப்யூட்டர்தான்.

— பு.

இடையில் ஒன்று. எது கோர் என்பதிலேயே வழக்கு நடந்திருக்கிறது. 2011-இல் வந்த ஏ.எம்.டி. எஃப்எக்ஸ்-8150-ஐ எட்டு கோர் என்று விற்றார்கள். முழு எண் கணக்குக்கு எட்டு உண்டு. பதின்மக் கணக்குப் பகுதியோ இரண்டுக்கு ஒன்று, பங்காளிக் கிணறு மாதிரி. 2019-இல் 1.21 கோடி டாலர் தந்து சமரசம் செய்தார்கள். அந்த அரைப்பங்குக் கோருக்கும் சொல் வேண்டும்.

— தா.

அதற்கு என் கையேட்டில் இடமில்லை, தப்பித்தேன். கரு, காழ், ஆங்கிலமே போதும் என மூன்றையும் கேட்டாயிற்று. அட்டவணையில் இருகரு, நாற்கரு. முதல் பக்கத்தில் மட்டும் 'நாற்கரு எனும் குவாட் கோர்'. நாளை அனுப்பிவிடுகிறேன்.

— செ.

அனுப்புங்கள். எட்டுக்கு 'எண்கரு' என்று எழுதும்போது எண்ணின் கருவா, எட்டுக் கருவா என்று வாசகர் கேட்பார். எண்காழ் என்றால் கேட்கமாட்டார்.

— பு.