ஸ்டிக் போட்டால் பின் ஸ்பீக்கர் பேசுவதில்லை – 5.1 உதவி தேவை

போன தீபாவளிக்கு வாங்கிய 5.1 (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, சப்வூஃபர் ஒன்று என ஆறு தனி ஒலித் தடங்கள்) சவுண்ட்பார் செட். சப்வூஃபர், பின்னால் வைக்க ஒயருள்ள இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், விலை 13,000 சொச்சம். இடம் மதுரை, 14க்கு 10 அடி ஹால். டிவி 2017 மாடல், 43 இன்ச். சவுண்ட்பாரில் ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே பாருக்கு அனுப்பும் வழி), ஆப்டிகல் (ஒளி வழியே ஒலி அனுப்பும் கேபிள்) மட்டும்தான். தனி எச்டிஎம்ஐ இன்புட் கிடையாது.

டிவியிலேயே உள்ள ஆப்பில் படம் போட்டால் பாரின் டிஸ்ப்ளேயில் 'டால்பி' என்று வருகிறது, பின்னால் மழைச் சத்தம் அருமையாகக் கேட்கிறது. ஆனால் அந்த ஆப் இப்போது ஆமை வேகம். அதனால் பொங்கலுக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி டிவியில் செருகினேன். அன்றிலிருந்து அதே படத்துக்கு 'பிசிஎம்' (இங்கே வெறும் ஸ்டீரியோ) என்றுதான் வருகிறது. பின் ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் சத்தமே இல்லை. "முன்னாடி கேட்குதே, போதாதா?" என்கிறார் அம்மா. கதவு நிலைக்கு மேலே ஒயர் இழுத்தவனுக்கல்லவா தெரியும்!

டிவி ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து ஆட்டோவுக்கு மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ஏஆர்சிக்குப் பதில் ஆப்டிகல் போட்டேன், அதே கதை. ஸ்டிக்கில் 'டால்பி டிஜிட்டல்' என்று நிலையாக வைத்தால் ஒலியே நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து வரும் ஒலியை இந்த டிவி ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். கடைக்காரரோ ஏவி ரிசீவர் (ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வாங்கச் சொல்கிறார்; அந்தக் காசுக்கு புது டிவியே வாங்கிவிடலாம்.

ஸ்டிக்குக்கும் டிவிக்கும் நடுவில் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் (எச்டிஎம்ஐயில் வரும் ஒலியைத் தனியே பிரித்துத் தரும் சிறு பெட்டி) வைத்து, அதிலிருந்து ஆப்டிகலில் பாருக்குக் கொடுத்தால் 5.1 வருமா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?