புதுப்பிப்பு: மேலூர்ப் பையன் விஷயம்

முன்னாடி எழுதியிருந்தேன்ல, ஜவுளிக்கடையில பில் போடுற, வாயே திறக்காத எனக்கு அடிதடி கேஸ் இருக்கிறவனைப் பிடிச்சுப் போச்சுன்னு. பாதிப் பேர் “அவன்கூட ஓடிரு”ன்னீங்க, மீதிப் பேர் “அவனை விட்டு ஓடிரு”ன்னீங்க. ரெண்டுமே நடக்கல.

சிறப்புத் திருமணச் சட்டத்துல 30 நாள் நோட்டீஸ் ஒட்டணுமாம். எங்க ஊர்ல 30 நிமிஷம் போதும், தெருவுக்கே தெரிஞ்சிரும். ரெண்டு பேரும் இந்துங்கிறதால சுயமரியாதைத் திருமணம் பண்ணலாம்னு வக்கீல் அக்கா சொன்னாங்க. அண்ணா காலத்துல, 1967-ல கொண்டுவந்த திருத்தம். சொந்தக்காரங்க, நண்பர்கள் முன்னாடி மாலை மாத்துனாலே செல்லும், ஐயர் வேணாம். நல்ல சட்டம்தான். ஆனா ஒளிஞ்சு கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல.

அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன். சோத்துல பிசைஞ்ச கை அப்படியே நின்னுச்சு. “அந்த மாடு பிடிக்கிற பயலா?” அவ்வளவுதான். அம்மாதான் ஒரே ஒப்பாரி.

ஞாயித்துக்கிழமை அவன் அவங்க அம்மாவோட வந்தான். சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தான், பாவம், எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஜல்லிக்கட்டு டோக்கன் தகராறுல வந்த கேஸுன்னு மறைக்காமச் சொன்னான். “மொதல்ல கேஸை முடி, அப்புறம் பேசுவோம்”னாரு அப்பா. காபி குடுக்கச் சொன்னதும் அவருதான்.

வாய்தா அடுத்த மாசம்.