எலன் டெரி ரோசலிண்டாக நடிக்காமல் போனது ஏன்?

கயல்விழி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஷேக்ஸ்பியரின் பெண் பாத்திரங்களை ஏற்ற நடிகைகளைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அவர்களுள் என் மனத்தை முழுதும் கவர்ந்தவர் எலன் டெரி. ஊர் ஊராகச் சென்று நடித்துப் பிழைத்த பெற்றோருக்கு 1847-இல் கவண்ட்ரியில் பிறந்து, ஒன்பது வயதில் லண்டன் பிரின்சஸ் அரங்கில் சிறுவன் மமிலியஸாக மேடையேறி, 1878 முதல் 1902 வரை நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் அரங்கில் ஓபிலியா, போர்ஷியா, பியாட்ரிஸ், வயோலா, லேடி மக்பெத் என ஒவ்வொரு பாத்திரமாகப் புகழ் சேர்த்தவர் அவர். ஆனால் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் நாயகி ரோசலிண்டாக அவர் ஒருமுறைகூட நடித்ததில்லை. குறும்பும் கூர்மதியும் கனிவும் கலந்த அந்தப் பாத்திரம் அவருக்கென்றே எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றுகிறது. வயது தடையாக இருந்ததா, அல்லது வேறு காரணம் உண்டா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இளமாறன் எழுதியது:

வயது காரணமாக இருக்க முடியாது. 1882-இல் ஜூலியட்டாக நடித்தபோது அவருக்கு 35 வயது. ஆணுடையில் நடமாடும் வயோலாவை ஏற்றபோது 37. 1896-இல் இமோஜனாக வந்தபோது 49. ரோசலிண்டுக்கு மட்டும் வயது குறுக்கே நின்றது என்று சொல்ல இடமில்லை.

அக்காலத்து லண்டன் அரங்குகள் இயங்கிய முறையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அரங்கைக் குத்தகைக்கு எடுப்பவரும், நாடகத்தைத் தேர்ந்தெடுப்பவரும், இயக்குபவரும், தலைமை வேடம் ஏற்பவரும் ஒருவரே. லைசியத்தில் அந்த ஒருவர் இர்விங். ஹாம்லெட், ஷைலாக், மக்பெத் போன்று தமக்குப் பெரிய வேடம் இருக்கும் நாடகங்களையே அவர் அரங்கேற்றினார். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகமோ தொடக்கம் முதல் இறுதிவரை ரோசலிண்டின் தோளில் நிற்பது. ஆர்லாண்டோ இளம் காதலன், ஜேக்வஸும் டச்ஸ்டோனும் அவ்வப்போது வந்து போகிறவர்கள். எனவே அந்த நாடகம் இர்விங்கின் கைக்கு வரவே இல்லை. இதில் என்னை மிகவும் வருத்துவது, 1890-இல் அகஸ்டின் டேலியின் அமெரிக்கக் குழு லண்டனுக்கு வந்தபோது ஆடா ரீஹன் ரோசலிண்டாக நடித்ததும் இதே லைசியம் மேடையில்தான் என்பது.

'ஹாம்லெட்' நாடகத்தின் ஓபிலியாவுக்கான உடை பற்றி டெரியே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கும் நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. சித்தம் கலங்கும் காட்சியில் கறுப்பு உடுத்த அவர் விரும்பினார். இந்த நாடகத்தில் கறுப்பு உடுத்தும் உருவம் ஒன்றே இருக்க வேண்டும், அது ஹாம்லெட் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வெள்ளைக்கு மாறினார். மனநோய் விடுதிக்கே நேரில் சென்று பார்த்து, தம் பாத்திரத்தை அவ்வளவு கருத்தோடு உருவாக்கிய ஒரு நடிகைக்கு அந்த அரங்கில் இருந்த எல்லை அதுதான்.

மேடைநேசன் எழுதியது:

இளமாறன் அவர்கள் சொல்வது சரியே. ஆயினும் இர்விங்கின் அரங்கு டெரிக்கு எதைக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதினேழு வயது நிறைவதற்குள் ஓவியர் வாட்ஸுக்கு மனைவியாகி, ஓராண்டுக்குள் பிரிந்து வந்தவர் டெரி. பின்னர்க் கட்டடக் கலைஞர் காட்வினோடு மணமுடிக்காமலேயே வாழ்ந்து, எடித், எட்வர்ட் கார்டன் கிரேய்க் என்னும் இரு பிள்ளைகளைப் பெற்றார். ஆறாண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்து, கடனுக்காக ஜப்தி செய்ய வந்தவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த நிலையில், வாரம் 40 பவுன் ஊதியத்துக்கு 1874-இல் நடிப்புக்குத் திரும்பினார். மணவாழ்வுக்கு வெளியே பிள்ளை பெற்ற பெண்ணை விக்டோரியா காலச் சமூகம் எப்படி நடத்தியது என்பதை நாம் அறிவோம். அப்படிப்பட்டவரை நாடே கொண்டாடும் இடத்துக்குக் கொண்டு சென்றது லைசியம். அங்கே அவர் வாரம் 200 பவுன்வரை பெற்றார்.

அவருடைய கருத்துக்கு அங்கே இடமே இல்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 1888-இன் லேடி மக்பெத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நூற்றாண்டின் புகழ்பெற்ற நடிகை சாரா சிடன்ஸ் காலம்தொட்டு அச்சமூட்டும் வடிவமாகவே பதிந்துபோயிருந்த அந்தப் பெண்ணை, கணவன்மீது கொண்ட பேரன்பால் குற்றத்துக்குத் துணைபோகும் மனைவியாக அவர் காட்டினார். திறனாய்வாளர்கள் இரண்டுபட்டார்கள், ஆனால் அரங்கு நிறைந்தே இருந்தது. வண்டுச் சிறகுகள் பதித்த அந்தப் பச்சை உடையில் அவரை ஓவியர் சார்ஜெண்ட் தீட்டிய ஓவியம் இன்று லண்டனின் டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. உடை, கென்ட் பகுதியின் ஸ்மால்ஹைத்தில் அவர் வாழ்ந்த வீட்டிலேயே பாதுகாக்கப்படுகிறது.

கயல்விழி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், 1902-க்குப் பிறகு தம் விருப்பப்படி நாடகம் தேர்ந்தெடுக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததா?

தில்லை எழுதியது:

கிடைத்தது, ஆனால் காலம் கடந்து. 1903-இல் இம்பீரியல் அரங்கைத் தாமே எடுத்து, மகன் கிரேய்க்கின் மேடை அமைப்பில் நார்வே எழுத்தாளர் இப்சனின் நாடகம் ஒன்றை மேடையேற்றினார். அது பணத்தை விழுங்கியது. அவருடைய ஆற்றலை இர்விங் வீணாக்குகிறார் என்று இடைவிடாமல் எழுதிவந்த பெர்னார்ட் ஷா, அவரை மனத்தில் கொண்டே 'கேப்டன் பிராஸ்பவுண்ட்ஸ் கன்வர்ஷன்' நாடகத்தில் படைத்த லேடி சிசிலி வேடத்தை, மேடையேறி ஐம்பது ஆண்டு நிறைந்த 1906-இல்தான் அவர் ஏற்க முடிந்தது. அப்போது அவருக்கு 59 வயது.

ரோசலிண்டைப் பொறுத்தவரை, தாம் அவளாக வாழ வாய்க்கவில்லையே என்ற ஏக்கத்தை அவர் மறைத்ததில்லை. 1910 முதல் அமெரிக்காவிலும் பின்னர் ஆஸ்திரேலியாவிலும் ஷேக்ஸ்பியரின் பெண்களைப் பற்றி உரையாற்றிச் சென்றபோது, பாத்திரங்களின் வரிகளை இடையிடையே பேசிக் காட்டினார். அவ்வுரைகளுள் வெற்றி காணும் பெண்களைப் பற்றியதில் பியாட்ரிஸுக்கும் போர்ஷியாவுக்கும் பக்கத்தில் ரோசலிண்டுக்கும் இடம் கொடுத்திருந்தார். ரோசலிண்டின் கதை நிகழும் ஆர்டன் காடும் இல்லை, ஆர்லாண்டோவும் இல்லை. அறுபதைக் கடந்த டெரி தனியே நின்று பேசிய மேடை அது.