நாப்பது வருசம் கழிச்சு சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி: போய்ப் பாக்கலாமுங்களா?

சோமனூர் தறிக்காரர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க ராக் கேக்கறவங்க கொஞ்சப் பேராச்சும் இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன்.

1984ல கோயமுத்தூர்ல டெக்ஸ்டைல் முடிச்சுட்டு மேல்படிப்புக்கு லீட்ஸ் போனவன் நான். அப்ப நம்ம பக்கத்து மில்லுக்காரங்க ஊட்டுப் பசங்க லீட்ஸுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் போறது வழக்கமுங்க. எங்கப்பா மில்லுக்காரர் இல்ல, தறி குடோன் வெச்சிருந்தவர். காட்டுல ஒரு பங்கை வித்துத்தான் அனுப்பிச்சார். நான் போய் எறங்குன வருசம் அங்க நிலக்கரிச் சுரங்கத்து ஆளுக ஸ்ட்ரைக் நடந்துட்டு இருந்துது. கம்பளி மில்லுக ஒவ்வொண்ணா மூடிட்டு வந்தாங்க. மார்கழில மூணே முக்காலுக்கெல்லாம் பொழுது எறங்கீரும்.

கூடத் தங்கியிருந்த யார்க்‌ஷையர் பையன் ஒரு நா ராத்திரி 'ஆலிஸ்' போட்டான். சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி 1982ல விட்ட பாட்டு. அந்த ஊர்லயே 1980ல ஆரம்பிச்ச பேண்டுங்க அது. டிரம்ஸ் அடிக்கறதுக்கு ஆளில்ல, மிசினுதான். டாக்டர் அவலாஞ்ச்னு பேரு வெச்சு அதையும் ஒரு மெம்பராவே கணக்குல சேத்திருந்தாங்க. ஏத்தமும் இல்லாம எறக்கமும் இல்லாம ஓடற அந்த அடியைக் கேட்டதுமே எனக்கு எங்க குடோன் நெனப்புதான். எங்கூட்டுல தறி ஓடுனாத்தான் தூக்கம் வரும், கரண்டு போயித் தறி நின்னாக் கொழந்தைக முதக்கொண்டு முழிச்சுக்கும். ஊரை விட்டு வந்து அத்தனை மாசத்துல அன்னிக்குத்தான் நல்லாத் தூங்குனேன்.

1985 மார்ச்சுல அவங்க மொத ஆல்பம் வந்துது. ஜூன் மாசம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல கச்சேரி. பஸ் புடிச்சுப் போனோம். 1871ல தொறந்த ஹாலு, சுத்தியும் செவப்பும் தங்கமுமா மாடி மாடியா இருக்கும். அதுக்குள்ள புகையைப் போட்டு நெப்பி, கருப்புக் கண்ணாடியோட பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச் வந்து நின்னாரு. எனக்கு ரெண்டு வயசு மூத்தவர், அவ்வளவுதான். அந்தக் குரலு நெஞ்சுக்குழில இருந்து வந்துதுங்க. 'எம்மா'ன்னு ஒரு பாட்டு, ஹாட் சாக்லேட்ங்கற பேண்டு பாடினது. அதை இவரு பாடறப்ப பக்கத்துல நின்ன அந்தப் பையன் அழுதுட்டான். அதோட அந்தக் கூட்டணி உடைஞ்சுபோச்சு. கிட்டார் வாசிச்ச வெய்ன் ஹஸ்ஸியும் பேஸ் வாசிச்ச கிரெய்க் ஆடம்ஸும் விலகிப் போய் 'தி மிஷன்' ஆரம்பிச்சாங்க. நானும் அந்த வருசமே ஊர் வந்து சேந்துட்டேன். அப்பறம் திருப்பூர், நிட்டிங், எக்ஸ்போர்ட்டுன்னு காலம் ஓடிப்போச்சு.

இப்ப பையன் ஜெர்மனில இருக்கறான். நான் அங்க போற சமயத்துல அவன் ஊர்ல இருந்து ரயில்ல போற தூரத்துல சிஸ்டர்ஸ் கச்சேரி இருக்குதுங்க. பையனே டிக்கெட் போட்டுத் தரேங்கறான். எனக்குத்தான் மனசு ஒப்ப மாட்டேங்குது. பழைய ஆளுகள்ல எல்ட்ரிச் ஒருத்தர்தான் மிச்சம். 1990க்கு அப்பறம் ஸ்டுடியோ ஆல்பமே இல்ல. குரலு போச்சு, மிசின் சத்தத்துல அவரு பாடறது கேக்கறதே இல்லைன்னு எழுதறாங்க. அந்த ஒரு ராத்திரி எங்கிட்ட அப்படியே இருக்குதுங்க. அதைக் கெடுத்துக்க பயமா இருக்குது. இப்படி ரொம்ப வருசம் கழிச்சுப் போய்ப் பாத்தவங்க இருந்தாச் சொல்லுங்க.

மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில்

போகாதீங்க ஐயா. ஒரே ஒரு பழைய ஆளை வெச்சுட்டு அதே பேர்ல வந்த இன்னொரு பேண்டை நான் பாத்திருக்கறேன். பேரு சொல்லலை, விரும்பறவங்க இருப்பீங்க. வெளிய வந்தப்பறம் ஒரு வருசத்துக்கு அவங்க ரெக்கார்டையே என்னால தொட முடியலை. நீங்க சொல்ற ஆல்பர்ட் ஹால் கச்சேரி 'வேக்'னு 1986லயே வீடியோவா வந்திருக்குது. அதைப் போட்டுப் பாருங்க. அதுல நிக்கற கூட்டத்துல நீங்களும் ஒருத்தர், அதுக்கு மேல என்ன வேணும்?

வடவள்ளி அக்கா

நான் மாத்திச் சொல்றேனுங்க. கல்யாணமாகி அமெரிக்கா போன புதுசுல, 1992ல, தி க்யூர்ங்கற இங்கிலீஷ் பேண்டைப் பாத்தேன். மறுபடி 2023ல மகளோட போனேன். அந்த டூர்ல அவங்க பாடகர் ராபர்ட் ஸ்மித் டிக்கெட் விலைக்காக, டிக்கெட் விக்கற டிக்கெட்மாஸ்டர் கம்பெனியோட சண்டையே போட்டாரு. சில ஊர்ல 20 டாலருக்கெல்லாம் டிக்கெட் வெச்சிருந்தாங்க, அதுக்கு மேல கம்பெனி போட்ட கட்டணத்துல ஒரு பங்கைத் திருப்பிக் குடுக்க வெச்சாரு. அறுபதைத் தாண்டின மனுசன், ரெண்டே முக்கா மணி நேரத்துக்கு மேல பாடுனாரு. குரல் அப்படியே இருந்துது, அது அவருக்குக் குடுத்து வெச்சது. எல்லாருக்கும் அமையாது, உங்க எல்ட்ரிச்சுக்கு அமையாமப் போயிருக்கலாம்.

ஆனா நான் சொல்ல வர்றது அது இல்ல. கச்சேரி தொடங்குனதே 'அலோன்'ங்கற பாட்டுலதான். அப்ப அது ரெக்கார்டா வரவேயில்ல. ஆல்பம் 2024 நவம்பர்லதான் வந்துது. முப்பது வருசமா மனப்பாடமா வெச்சிருந்த பாட்டுகளைக் கேக்கப் போன எடத்துல, தெரியாத ஒரு பாட்டு மொத அஞ்சு நிமிசத்துலயே என்னைப் புடிச்சு நிறுத்திருச்சு. எங்கப்பா தவறிப்போன வருசம் அது, அதனாலயும் இருக்கும். சிஸ்டர்ஸும் ரெக்கார்டு ஆகாத புதுப் பாட்டுகளை மேடைல பாடிட்டு வர்றாங்கன்னு கேள்வி. பழசைத் தேடாதீங்க, அந்தப் புதுசைக் கேக்கப் போங்க.

பெருந்துறை சவுண்ட் சர்வீஸ்

ஐயா வணக்கம். எனக்கு வயசு முப்பத்தொண்ணு, நீங்க பாத்ததை நான் பாக்கலை. ஆனா சத்தம் நம்ம தொழில், அந்தப் பக்கம் மட்டும் சொல்றேன்.

அவரு குரல் கேக்கலைங்கறதுக்குத் தொண்டை மட்டும் காரணமில்லீங்க. ஆழமான ஆம்பளைக் குரலோட அடிப்படை அதிர்வு 80ல இருந்து 150 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நொடிக்கு அத்தனை தடவைன்னு நிக்கும். காலால அடிக்கற கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் நிக்கறதும் அங்கயேதான். இப்ப அந்தப் பேண்டுல பேஸ் வாசிக்க ஆள் இல்ல, அதுவும் டாக்டர் அவலாஞ்ச் பொறுப்புலதான் போகுது. மிசின் மூச்சு வாங்காது, பாடறவர் எறங்குனாத் தானும் எறங்காது. மேளம் அடிக்கற ஆளா இருந்தா பாடறவர் மொகத்தைப் பாத்துக் கையை அடக்குவாரு. அந்த எடத்தை, சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கற மிக்சர் மேசைல ஒக்காந்திருக்கறவர்தான் பாத்துக்கோணும். அதனால மேடைக்கு முன்னால போய் நிக்காதீங்க. அங்க சப்வூஃபர், அதான் கீழ்ச் சத்தம் போடற பெரிய ஸ்பீக்கர், மட்டுந்தான் கேக்கும். ஹால் நடுவுல, மிக்சர் இருக்கற எடத்துக்குச் சித்த முன்னால நில்லுங்க. மிக்சர்காரருக்குக் கேக்கறது உங்களுக்கும் கேக்கும்.

ஆரம்பத்துல அவங்க வெச்சிருந்தது பாஸ் கம்பெனியோட டிஆர்-55ங்கற டிரம் மிசின், கிக், ஸ்னேர்னு நாலஞ்சு சத்தந்தான் அதுல இருக்கும். 1985 ஆல்பத்துல ஓபர்ஹெய்ம் டிஎம்எக்ஸ்ங்கற மிசின். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர். பேரு மட்டும் அதே டாக்டர்.

காதுக்கு மறக்காம அடைப்பான் வெச்சுக்கோங்க. பஞ்சு வேண்டாம், அது மேல் சத்தத்தை மட்டும் அமுக்கிப்போடும். பாட்டுக்காரங்க வெக்கற வகை கெடைக்கும், எல்லாத்தையும் ஒரே அளவுல கொறைக்கும். ஜெர்மனில சராசரி 99 டெசிபலைத் தாண்டக்கூடாதுன்னு வரைமுறை வெச்சிருக்கறாங்க, இருந்தாலும் ஒண்ணரை மணி நேரத்துக்கு அது அதிகமுங்க. தறி குடோன்ல வளந்த காதுன்னு வேற சொல்றீங்க. தறிச் சத்தம் மொதல்ல அடிக்கறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. காது டெஸ்ட் எடுத்திருக்கறீங்களா?

சோமனூர் தறிக்காரர்

எடுத்தாச்சு தம்பி. நீங்க சொன்ன அந்த 4000 பக்கந்தான் கேக்கறது கொறஞ்சு பள்ளமா இருக்குது. ரெண்டு காதும். பேரக்கொழந்தைக பேசறது பாதி புரியறதில்ல, குருவிச் சத்தம் கேட்டுப் பல வருசமாச்சு.

மேட்டுப்பாளையத்துக்காரரே, 'வேக்' வீடியோவை இத்தனை வருசத்துல எத்தனையோ தடவை பாத்துட்டேன். இப்பல்லாம் நான் நேர்ல பாத்தது எது, வீடியோல பாத்தது எதுன்னே பிரிச்சுச் சொல்ல முடியறதில்ல. நீங்க அதைச் சொன்னப்பறந்தான் போறதுன்னு முடிவு பண்ணுனேன். பையனை டிக்கெட் போடச் சொல்லிட்டேன். வந்து எழுதறேன்.

சோமனூர் தறிக்காரர்

போய்ட்டு வந்துட்டேனுங்க.

கூட்டத்தை மொதல்ல சொல்லிப்போடறேன். என் வயசுக்காரங்கதான் பாதி. முட்டி வலிக்கு ஊன்றுகோலோட வந்த அம்மா ஒருத்தர், உச்சந்தலைல முடியே இல்லாம பின்னால மட்டும் ஜடை போட்டவர். மிச்சம் இருபது இருபத்தஞ்சு வயசுப் புள்ளைக. எல்லாரும் கருப்பு. நானும் கருப்புச் சட்டைதான், ஊட்டுக்காரி வாங்கிக் குடுத்து அனுப்பிச்சது. டீ-ஷர்ட் விக்கற எடத்துல தொழில் புத்தி விடலை. துணியைத் தடவிப் பாத்தேன், சதுர மீட்டருக்கு 180 கிராம் கனமுள்ள சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, தோள்ல டேப் வெச்சுத் தெச்சிருந்தாங்க, லேபிள்ல பங்களாதேஷ். நம்மூர்ல இதை இன்னும் நல்லாப் பண்ணுவோம். இருந்தாலும் ஒண்ணு வாங்கிட்டேன்.

மிக்சருக்கு முன்னாலயே எடம் புடிச்சேன் தம்பி, ரொம்ப நன்றி. புகை போட்டு நெப்புனாங்க. மொத ரெண்டு பாட்டுக்கு எல்ட்ரிச் எங்க நிக்கறாருன்னே தெரியலை. மொட்டைத் தலை, அதே கருப்புக் கண்ணாடி. எழுதுனவங்க பொய் சொல்லலீங்க. 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் அண்ட் ஆல்வேஸ்' பாடறப்ப பாதி வரியை விட்டுட்டாரு. 'டெம்பிள் ஆஃப் லவ்' மேல போற எடமெல்லாம் கிட்டார் வாசிக்கறவங்களும் கூட்டமுந்தான் பாடுனாங்க. இளசுல எழுதுன பாட்டு அது, அந்தத் தொண்டை இப்ப அவருகிட்ட இல்ல. வருத்தமாத்தான் இருந்துது. பக்கத்துல பையன் என் மொகத்தையே பாத்துட்டு நின்னான்.

வடவள்ளி அக்கா சொன்னது நாலாவது பாட்டுல வந்துதுங்க. ரெக்கார்டே ஆகாத புதுப் பாட்டு. அதுல அவரு எதையும் எட்டிப் புடிக்கலை. இப்ப இருக்கற தொண்டைக்கு, அறுபத்தஞ்சு வயசுக் குரலுக்குன்னே அளவெடுத்து எழுதியிருக்கறாரு. பேச்சுக்குப் பக்கத்துல நிக்கற மெட்டு. ஒரு சொல்லு விடாம வந்து விழுந்துது. முப்பது வருசத்துக்கு மேல ஆல்பம் போடாத மனுசன், ரெக்கார்டு கம்பெனியோட தகராறுன்னு 90கள்ல ஒதுங்குனவர், சும்மா பழசை வித்துட்டுச் சுத்தறாருன்னு நானும் நெனச்சிருந்தேன். அந்தப் பாட்டுகளைக் கேட்டா அப்படி இல்லீங்க. உக்காந்து எழுதிட்டுத்தான் இருக்கறாரு. வயசானதை மறைக்காம அதுக்குத் தகுந்த பாட்டை எழுதிட்டு வந்து நிக்கறாரு. எனக்கு அந்த ராத்திரிலயே பெரிய விசயம் அதுதான்.

இன்னொண்ணும் சொல்லோணும். எனக்குக் கேக்காமப் போனது மேல் சத்தம். கிட்டாரோட கீச்சு, ஜால்ராவோட சிணுங்கல் எல்லாம் எனக்கு வரலை. பையன் வெளிய வந்து, "கிட்டார் சத்தத்துல அவரு குரலே கேக்கலையேப்பா"ன்னான். எனக்கு நல்லாக் கேட்டுது. கீழ்க்குரல் அப்படியே நெஞ்சுல வந்து எறங்குச்சு. மூச்சு எடுக்கறது கூடத் தெரிஞ்சுது.

அப்பறம் 'மரியன்'. 1985 ஆல்பத்துப் பாட்டு, ஆல்பர்ட் ஹால்லயும் பாடுனாரு. அதுல நடுவுல ஒரு சரணம் ஜெர்மன்ல வரும். லண்டன்ல அந்த எடம் வந்தப்ப எங்க யாருக்கும் ஒண்ணும் புரியாம வாயைப் பாத்துட்டு நின்னோம். இங்க அத்தனை பேரும் ஜெர்மன்காரங்க. அந்தச் சரணத்தை மொத்த ஹாலும் எடுத்துப் பாடுச்சு, எம் பையன் உள்பட. அவனுக்கு அந்தப் பாட்டு தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க. சின்ன வயசுல காருல நான் போட்டுட்டே இருப்பேன்ல, அதுல கேட்டதாம். அர்த்தம் கேட்டேன், தண்ணில முழுகறவனைப் பத்திச் சொன்னான். இத்தனை வருசம் கேட்ட பாட்டு.

பொள்ளாச்சி தேங்காக்காரி

படிச்சுக் கண்ணு கலங்கிருச்சுங்க அப்பா. ஒண்ணு கேக்கலாமா? எங்கப்பாவுக்கும் இந்த மாதிரி ஒரு பேண்டு இருக்குது. கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன். அவருக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது. அங்க ஒக்கார எடம் இருக்குதுங்களா?

சோமனூர் தறிக்காரர்

கூட்டிட்டுப் போ கண்ணு. பெரும்பாலும் நின்னு பாக்கற ஹாலுகதான், ஆனா மாடில நாற்காலி போட்ட எடம் பல ஹால்ல இருக்குது. டிக்கெட் எடுக்கறப்பவே தனியாக் கேட்டு எடுத்துக்கோ. முடியாதவங்களுக்குன்னு மேடை கட்டி எடம் ஒதுக்கறதும் உண்டு, ஹாலுக்கு முன்கூட்டியே மெயில் போட்டாச் சொல்லுவாங்க. ராத்திரி கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு பாத்துக்கோ. நாங்க 'திஸ் கரோஷன்' பாட்டு முடியறதுக்குள்ள ஓட வேண்டாம்னு பக்கத்துலயே ரூம் போட்டுட்டோம்.

மேட்டுப்பாளையத்துக்காரரே, ஹஸ்ஸியும் ஆடம்ஸும் நடுவுல பிரிஞ்சிருந்தாலும் மறுபடி தி மிஷன்ல சேந்து வாசிக்கறாங்க. அடுத்த தடவை பையன் ஊருக்குப் போறப்ப அவங்க கச்சேரி பக்கத்துல இருந்தாப் போறதா இருக்கறேன். பன்னெண்டு தந்திக் கிட்டாரை ஹஸ்ஸி வாசிக்கறதை மறுபடி பாக்கோணும். நீங்களும் வர்றீங்களா?