கன்ஸ்மோக் பைத்தியங்களோடு உங்களுக்கு நடந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

விச்சிட்டாவாசி:

கன்ஸ்மோக் என்கிற பழைய அமெரிக்கக் கவ்பாய் டிவி தொடரைப் பற்றி நீட்டி விளக்கப்போவதில்லை. கான்சஸ், ஓக்லஹோமா, மிசௌரி பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், டயர் மாற்றப் போனால்கூடக் காத்திருக்கிற இடத்து டிவியில் அதன் நாயகன், ஊரைக் காக்கிற மார்ஷல் மேட் டில்லன் நின்றுகொண்டிருப்பார். ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிற ஒரு விஷயத்தை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 84 வயது. இங்கே விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஆறு வருடம். ஒரு நாள் மூன்று அட்டைப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் விஎச்எஸ் டேப், அறுபதுக்குக் குறையாது. அவர் மனைவி டிவியில் மறுஒளிபரப்பு வரும்போது உட்கார்ந்து பதிவு செய்த கன்ஸ்மோக். வீட்டு டெக் கெட்டுவிட்டது, நீ கம்ப்யூட்டர் ஆள், இதை டிஸ்க்கில் ஏற்றித் தர முடியுமா என்றார். சரி என்று வாங்கி கராஜில் வைத்தேன். வைத்தது வைத்ததுதான், ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

அப்புறம் எனக்கு ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. 635 எபிசோடும் அடங்கிய டிவிடி பெட்டியே கடையில் கிடைக்கிறது. படம் பளிச்சென்று இருக்கும், நடுவில் விளம்பரம் கிடையாது. அதை வாங்கினேன். டேப்பை எல்லாம் குப்பை வண்டி வருகிற நாளில் வெளியே வைத்துவிட்டேன். டிவிடி பெட்டிக்கு ரிப்பன்கூடக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் ரிப்பனை அவிழ்த்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், நன்றி சொன்னார், ரொம்ப செலவு பண்ணிவிட்டாயே என்றார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், "டேப் எங்கே?"

அந்த டேப் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தில் அந்தம்மா கைப்பட எழுதி வைத்திருந்தார். எபிசோட் பெயரெல்லாம் இல்லை, ஊர் டாக்டர் டாக், சலூன் நடத்துகிற மிஸ் கிட்டி என்று தொடரில் வருகிறவர்களைப் பற்றிய குறிப்புகள். "டாக் சிரிக்கிறார்." "கிட்டி, பச்சை கவுன்." "இது வேண்டாம், நாய் செத்துப்போகிறது." நானே படித்துச் சிரித்திருக்கிறேன். படித்துச் சிரித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

நான் உண்மையைச் சொன்னேன். அவர் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, ரிப்பனைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போதும் பார்த்தால் கையசைக்கிறார். என்னால்தான் அந்த வீட்டைத் தாண்டும்போது நிமிர முடியவில்லை.

முட்டி டாக்டரம்மா (டாக்டர் இல்லை, பிசியோ):

விச்சிட்டா அண்ணா, படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்துவிட்டு டெக்சஸ் வந்த புதுசு. முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 79 வயது தாத்தா ஒருவர் வந்தார். கட்டிலில் படுக்க வைத்து அளந்தால் முட்டி 115 டிகிரி மடங்குகிறது, பிரமாதம். எழுந்து நடக்கச் சொன்னால் அந்தக் காலைக் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, இடுப்பைச் சுழற்றி, நொண்டி நொண்டிப் போகிறார். வலியா என்றால் இல்லை என்கிறார். தொடைத் தசைக்கு மின் தூண்டல் கொடுத்தேன், கண்ணாடி முன்னால் நடக்க வைத்தேன், படியேற்றம், சைக்கிள், எல்லாம் செய்தாயிற்று. ஒன்பது வருகை. ஒவ்வொன்றுக்கும் கோப்பில் "நடையில் முட்டி மடங்கவில்லை, காரணம் தெளிவில்லை" என்று அக்கறையாக எழுதி வைத்தேன்.

பத்தாவது நாள் துண்டு மடிக்க வருகிற வயதான அம்மா ஒருவர் அவர் நடப்பதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டி "செஸ்டர்!" என்று கத்தினார். இவர் சட்டென்று திரும்பி, கழுத்தை நீட்டி, அந்த இழுவைக் குரலில் "மிஸ்ஸ்டர் டில்லன்!" என்றார். ஹாலில் இருந்த எல்லாக் கிழங்களும் சிரித்தன. எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. ஒன்பது நாளும் யாராவது கண்டுபிடிப்பார்களா என்று காத்திருந்திருக்கிறார் மனுஷன்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன், 1955லிருந்து 64 வரை மார்ஷலின் நொண்டி உதவியாளன் செஸ்டராக நடித்த டெனிஸ் வீவரை. அந்த விறைத்த கால் முழுக்க நடிப்பு. அவர் 1948 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தகுதிப் போட்டியில் டெகத்லானில் (பத்து தடகளப் போட்டிகள் சேர்ந்தது) கலந்துகொண்டவர், ஓட்டக்காரர்! நேராக நிமிர்ந்து நடக்கிற மார்ஷலாக வந்த ஜேம்ஸ் ஆர்னஸுக்குத்தான் நிஜமாகவே கால் கோளாறு. 1944இல் இத்தாலியில் ஆன்சியோ சண்டையில் வலது காலில் குண்டு பட்டு, ஆயுசு முழுக்க வலி, குதிரையில் அதிக நேரம் உட்கார முடியாது. 6 அடி 7 அங்குல மனுஷன் அதை மறைத்துக்கொண்டு 20 வருடம் நடந்திருக்கிறார். நல்ல கால் நொண்டுகிறது, நொண்ட வேண்டிய கால் நேராகப் போகிறது. நடையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், இரண்டையும் கோட்டை விட்டிருப்பேன்.

கடைசி நாள் தாத்தா ஒழுங்காக நடந்து காட்டினார். யாரோ மாதிரி இருந்தார். வாசல் வரை போனவரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை செஸ்டர் மாதிரி நடங்கள் என்று நானே கேட்டேன். நடந்தார். இதை எந்தக் கோப்பிலும் எழுதவில்லை.

பழைய ரீல்:

விச்சிட்டாவாசி சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை மன்னிக்க முடியாது. ஒருவர் கொடுத்த டேப்பைக் கேட்காமல் எறிவதா? கன்ஸ்மோக் ஆளோடு எனக்கு நடந்தது சின்ன விஷயம்: தொடரின் கதை நடக்கிற கான்சஸ் ஊரான டாட்ஜ் சிட்டியில், பூட் ஹில் மியூசியத்தில் கட்டி வைத்திருக்கிற ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தேன், தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து "டிவியில் பின்னால் மலை தெரியும், இங்கே திரும்பிப் பார், எங்கே மலை?" என்றார். கலிபோர்னியாவில் எடுத்ததாம். கான்சஸ் தோசைக்கல் மாதிரி இருக்கிறது, உண்மைதான். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் டேப் விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கராஜில் வைக்கவே கூடாது. கோடையில் உள்ளே வேகும், குளிரில் உறையும், ஈரம் ஏறினால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் போச்சு, அடுத்துப் போடுகிற டேப்புக்கும் பரவும். வீட்டுக்குள், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்க வைக்காதீர்கள். ரொம்ப நாள் சும்மா இருந்த டேப் என்றால் முதலில் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் பிளே போடுங்கள். ஒரே டேப்பில் ஆறு மணி நேரம் அடங்குகிற மெதுவான வேகத்தில் பதிந்ததென்றால் படம் ஆடும், அதைத் திருத்த டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு கருவி போடுவார்கள், இல்லாவிட்டால் ஒலி ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் போகும். மலிவான யுஎஸ்பி கேபிளை நம்பாதீர்கள். டேப்பின் முதுகுப் பக்கத்தில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது. எல்லாவற்றுக்கும் முன்னால், வேலையைத் தொடுவதற்கு முன்னால், லேபிளைப் போட்டோ எடுங்கள். உறை, முதுகு, உள்ளே செருகியிருக்கிற சீட்டு எல்லாவற்றையும். படம் வேறு எங்கேயாவது கிடைக்கும், கையெழுத்து கிடைக்காது.

சின்ன மன்ஹாட்டன்:

பழைய ரீல், அவரே நொந்துபோய் எழுதியிருக்கிறார், நீங்கள் வேறு.

நான் படித்தது கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம், ஊர் பெயர் மன்ஹாட்டன். அம்மா இன்னமும் தெருவில் நான் நியூயார்க்கில் படித்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தங்கியிருந்த வீட்டு ஓனரம்மாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். அவரைப் பொறுத்தவரை கன்ஸ்மோக் என்றால் மிஸ் கிட்டிதான். மேட்டும் கிட்டியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லையே ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "அவள் கையில் சொந்தமாக ஒரு சலூன் இருந்தது, இவனிடம் ஒரு குதிரை இருந்தது. நீயே கணக்குப் போட்டுப் பார்" என்றார். 1973இல் ஒரு எபிசோடில் மேட்டுக்கு ஞாபகம் தப்பிப்போய் வேறொரு பெண்ணோடு ஒட்டிக்கொள்வார், அதை மட்டும் கடைசி வரை அந்த அம்மா மன்னிக்கவில்லை. ஞாபகம்தானே போச்சு, புத்தியுமா போச்சு என்பார்.

எனக்கு மறக்காதது இது. கிட்டியாக நடித்த ஆமண்டா பிளேக் 1974இல் விலகிவிட்டார், கடைசி வருடமான இருபதாவது சீசனில் கிட்டி கிடையாது. ஒரு மதியம் மறுஒளிபரப்பு ஆரம்பித்தது, அந்த அம்மா இரண்டு நிமிடம் பார்த்தார், இருபதாவது சீசன் என்று தெரிந்ததும் ரிமோட்டை எடுத்து அணைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. காபிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அணைந்த டிவியைப் பார்த்தபடி அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். நான் சத்தம் வராமல் நூடுல்ஸ் சாப்பிட்டேன். மணி அடித்ததும் "சரி, முடிந்தது" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஈப்போ மாமா:

தம்பி தங்கைகளே, கன்ஸ்மோக் கன்ஸ்மோக் என்கிறீர்கள், அதே காலத்து இன்னொரு கவ்பாய் தொடர் பொனான்சா பற்றி ஒருத்தரும் பேசக் காணோம். எனக்கு 68 வயது. மலாயாவில் வளர்ந்தவன். தோட்டத்தில் கிராணி (கணக்கர்) வீட்டில் மட்டும்தான் டிவி, ஜன்னலுக்கு வெளியே முப்பது பிள்ளைகள். அந்த வரைபடம் நடுவில் தீப்பிடித்து எரியும், கிட்டார் கிளம்பும், அப்பாவும் மூன்று மகன்களுமாக நான்கு பேர் குதிரையில் வருவார்கள். உயரமாக, குண்டாக வருகிறவர் ஹாஸ், பிள்ளைகள் எல்லோருக்கும் அவர்தான். அந்த நடிகர் டான் பிளாக்கர் 1972இல் இறந்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தபோது, கூட ஜன்னலில் தொங்கியவர்களில் யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது, யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது.

2003இல் மகளைப் பார்க்கக் கலிபோர்னியா வந்தேன். தாஹோ ஏரிக்கரையில் கதையில் அவர்கள் வாழ்கிற பான்டரோசா பண்ணை வீட்டைச் சுற்றுலா இடமாக வைத்திருந்தார்கள், மறு வருடமே மூடிவிட்டார்கள், நான் தப்பித்தேன். அங்கே கடையில் ஒரு வண்ணப் படம். கடைசி மகன் லிட்டில் ஜோவின் ஜாக்கெட் பச்சை!

சிரிக்காதீர்கள். அது 1959இல் முதல் எபிசோடிலிருந்தே கலரில் எடுத்த தொடர், எங்களுக்கு வந்தது கறுப்பு வெள்ளை. நான்கு பேரும் வருடக்கணக்கில் ஒரே உடுப்பில் வருவார்கள் (பழைய காட்சியை வெட்டி ஒட்ட வசதி என்று), அதனால் அந்த ஜாக்கெட் எனக்கு மனப்பாடம், சாம்பல் நிறம் என்று மனப்பாடம். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "பச்சை, பச்சை" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் என்னையும் படத்தையும் பார்த்துவிட்டு, தன் மனைவியிடம் ஏதோ சொல்லி, இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த கிட்டார் மெட்டை வாயால் அடிக்க ஆரம்பித்தார்கள். டும் டிகிடி டிகிடி. நானும் சேர்ந்துகொண்டேன். மகள் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டாள்.

மூத்த மகன் ஆடம் சட்டை மட்டும் நிஜமாகவே கறுப்பு. அதில் ஒரு ஆறுதல்.

ஆறு தோட்டா:

மாமா, பொனான்சா நல்ல தொடர், ஆனால் தலைப்பைப் பாருங்கள். பொனான்சாவில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் மூன்று அம்மா, ஒருத்தர்கூட உயிரோடு இல்லை, அந்த அப்பா பென் கார்ட்ரைட் வீட்டுக்குப் பெண் கொடுக்கவே பயமாக இருக்கும்.

என் கதை ஒரே வரி. லாரி நிறுத்தத்தில் ஒரு கிழவர் ஐம்பது டாலர் பந்தயம் கட்டினார், கன்ஸ்மோக் தொடக்கச் சண்டையில் முதலில் சுடுவது யார் என்று. நான் மேட் டில்லன் என்றேன். ஐம்பது போச்சு. எதிரில் நிற்கிறவன்தான் ஒரு இமைப்பொழுது முந்திச் சுடுகிறான், ஆனால் படுவது மேட் சுட்டது. அந்த எதிராளி ஆர்வோ ஓஜாலா, மின்னல் வேகத்தில் துப்பாக்கி உருவச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். வாத்தியாரே வாராவாரம் செத்துக்கொண்டிருந்தார். பணத்தை விட, கிழவர் அதை எண்ணிக்கொண்டே "எல்லாரும் மேட் என்றுதான் சொல்வார்கள், போன வருடம் இதில்தான் டயர் வாங்கினேன்" என்றாரே, அதுதான் தாங்கவில்லை.

விச்சிட்டாவாசி:

எல்லோருக்கும் நன்றி. பழைய ரீல் சார், நீங்கள் எழுதியதில் எனக்கு உதவக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அந்தப் போட்டோ விஷயம். படித்ததும் பழைய போனை எடுத்துத் தேடினேன். டேப் வந்த வாரம், இதற்கு எந்த கேபிள் வாங்க வேண்டும் என்று ஆபீஸ் நண்பனுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். பெட்டியின் மேல் வரிசை, பதினொரு டேப். நான்கு லேபிள் மங்கல். ஏழைப் படிக்க முடிகிறது. ஒன்றில் "டாக், ஃபெஸ்டஸ் சண்டை, மறுபடியும்" என்று இருக்கிறது. இன்னொன்றில் "இவர் தூங்கிவிட்டார், நான் மட்டும் பார்த்தேன்."

பிரிண்ட் போட்டுவிட்டேன். மேஜையில் இருக்கிறது. இன்றைக்கு சனிக்கிழமை, அவர் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார், இங்கிருந்து தெரிகிறது.

பழைய ரீல்:

என்ன சைஸில் பிரிண்ட் போட்டீர்கள்? வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் என்றால் சுருங்கியிருக்கும், போனிலேயே மூலப் படம் இருக்கும், அதிலிருந்து எடுங்கள். மங்கலான நான்கையும் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.